உத்தரவாதம் யாருக்கு? வாடகைக் காரின் ஏசியும் ஏகபோகத்தின் கணக்கும்

ஒவ்வொரு கோடையிலும் டெல்லி, ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை என்று எந்த நகரத்தின் கார் சர்வீஸ் மையத்திற்குச் சென்றாலும் ஒரே வகையான தகராறைக் காணலாம். வாங்கி இரண்டாண்டு கூட நிறைவடையாத காரில் ஏசி குளிர்ச்சி தரவில்லை. வாரண்டி காலம் முடியவில்லை. ஆனால் கண்டென்சரில் கசிவு இருக்கிறது, அது வெளியிலிருந்து கல் பட்டதால் ஏற்பட்டது, எனவே வாரண்டியில் வராது என்கிறது சர்வீஸ் மையம். உதிரிபாகத்தின் விலை, கழற்றி மாட்டும் கூலி, கேஸ் நிரப்பும் செலவு, ஜிஎஸ்டி அனைத்தையும் கட்டினால்தான் வண்டி வெளியே வரும் என்று சொல்லப்படுகிறது. சொந்தக் காரில் அலுவலகம் சென்று வருபவருக்கு இது செலவும் எரிச்சலும். அந்தக் காரை ஓட்டியே குடும்பத்தைக் காப்பாற்றும் ஓட்டுநருக்கோ இது வேலை இழப்பு.

இது நுகர்வோர் பிரச்சனைதானே, தொழிலாளி வர்க்கக் கட்சியின் ஏட்டில் இதற்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஏசி என்பதே நடுத்தர வர்க்கத்தின் சொகுசு, அதன் பழுது குறித்து நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று வினவுவோரும் உண்டு. இந்தக் கேள்விகளை ஒதுக்கிவிட்டுச் செல்ல முடியாது. நம் தொழிற்சங்கங்கள் இந்தத் துறையில் காலூன்றுவதற்கு இவையே தடையாக இருக்கின்றன. வாரண்டித் தகராறு வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான சில்லறைச் சண்டை என்று கருதுவது அடிப்படையிலேயே தவறானது. பொருளின் விலையோடு சேர்த்து முன்கூட்டியே வசூலித்துக்கொண்ட பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர மறுத்து, அந்த மறுப்பையே இலாபமாக்கிக்கொள்ளும் வழிமுறை அது. அதன் முழுச் சுமையும், காருக்குப் பெயரளவில் உரிமையாளராகவும் உண்மையில் கூலி உழைப்பாளியாகவும் இருக்கும் ஓட்டுநரின் தலையில் இறங்குகிறது.

சொகுசா, வேலைத்தளமா?

முதலில் ‘சொகுசு’ என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். 2024 மே மாத இறுதியில் டெல்லியின் வெப்பநிலை 45 டிகிரி செல்சியசைத் தாண்டிய நாட்களில், பன்னிரண்டு மணி நேரம் தகரக் கூட்டுக்குள் அமர்ந்து வண்டி ஓட்டியவர்களுக்கு ஏசி சொகுசாக இருந்திருக்க முடியாது. ஓட்டுநருக்குக் கார்தான் தொழிற்கூடம். ஆலைக்குள் காற்றோட்டம் வேண்டும், தகிக்கும் உலையருகே பாதுகாப்பு வேண்டும் என்று போராடிப் பெற்ற இயக்கம் நம்முடையது. அதே கோரிக்கை நான்கு சக்கரங்களின் மீது நகரும் தொழிற்கூடத்திற்கும் பொருந்தும்.

இதை ஒன்றிய அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறையில் ஏசி பொருத்துவது கட்டாயம் என்று 2023 டிசம்பரில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது. 2025 அக்டோபர் முதல் தேதியும் அதற்குப் பின்னரும் உற்பத்தியாகும் வாகனங்களுக்கு இது பொருந்தும் என்று அந்த அறிவிக்கை கூறியது. வெப்பத்தில் களைத்த ஓட்டுநர் தானும் சாகிறார், பிறரையும் சாகடிக்கிறார் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நியாயம் சரியே. ஆனால் பொருத்தச் சொன்ன அரசு, பொருத்தியது பழுதானால் யார் பொறுப்பு என்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இன்று வாடகைக் கார் ஓட்டுநர் படும் பாட்டை நாளை லாரி ஓட்டுநரும் ஒற்றை லாரி வைத்துப் பிழைப்பவரும் படப்போகிறார்கள்.

செயலி நிறுவனங்களின் வாடகைக் காரில் ஏசி ஒரு வணிக நிபந்தனையும்கூட. பயணி ஏசி கேட்பார், இல்லையென்றால் புகார் பதிவாகும், மதிப்பெண் குறையும், அடுத்த சவாரி வராது. ஆனால் ஏசி ஓடுவதற்கான எரிபொருளும் பராமரிப்பும் ஓட்டுநரின் செலவு. 2024 ஏப்ரலில் ஹைதராபாத் செயலி கார் ஓட்டுநர்கள் ‘ஏசி இல்லை’ என்ற இயக்கத்தை நடத்தியது இதனால்தான். ஏசி போட்டு ஓட்டினால் கிலோமீட்டருக்கு 16 முதல் 18 ரூபாய் செலவாகிறது, தங்களுக்குக் கிடைப்பதோ 10 முதல் 12 ரூபாய்தான் என்று அவர்களின் சங்கம் கணக்கு வைத்தது. பயணிகளைப் பகைத்துக்கொள்ளும் போராட்டம் என்று சிலர் அதைக் கேலி செய்தனர். ஏசியின் குளிர்ச்சி பயணிக்கு, கட்டணத்தில் ஒரு பங்கு நிறுவனத்திற்கு, செலவு மட்டும் ஓட்டுநருக்கு என்ற பங்கீட்டை அந்தப் போராட்டம் ஊரறியச் செய்தது. வாரண்டித் தகராறு அதே பங்கீட்டின் தொடர்ச்சியாகும். அங்கே செயலி நிறுவனம் நிற்கும் இடத்தில் இங்கே கார் உற்பத்தியாளர் நிற்கிறார்.

‘கல் பட்டது’ என்ற தீர்ப்பு

வாரண்டி எப்படி மறுக்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இயந்திரத்தைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். ஏசியின் கம்ப்ரசர் கேஸை அழுத்துகிறது. சூடேறிய கேஸ் கண்டென்சரில் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. பின்னர் கூலிங் காயிலில் விரிந்து காரின் உட்புறத்தைக் குளிர்விக்கிறது. காற்று நேராகப் பட வேண்டும் என்பதற்காகக் கண்டென்சரை ரேடியேட்டருக்கும் முன்னால், பம்பரின் கிரில்லுக்குப் பின்னால் வைக்கிறார்கள். அதன் குழாய்கள் மெல்லிய அலுமினியத்தால் ஆனவை. கம்ப்ரசருக்குத் தேவையான எண்ணெயும் கேஸோடு கலந்தே இந்தக் குழாய்களில் சுற்றி வருகிறது.

கண்டென்சரில் கசிவு ஏற்படப் பல காரணங்கள் உண்டு. இணைப்பின் பற்றவைப்பு சரியில்லாமல் இருக்கலாம், அலுமினியம் அரித்திருக்கலாம், கல் பட்டும் இருக்கலாம். கல் பட்டிருந்தால் அந்த இடத்தில் தகடுகள் நசுங்கியிருக்கும். பற்றவைப்பில் கசிந்தால் நசுங்கல் இராது, இணைப்பில் எண்ணெய்க் கறை படிந்திருக்கும். நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றிச் சோதித்தாலோ, ஒளிரும் சாயத்தைச் செலுத்திப் புற ஊதா விளக்கில் பார்த்தாலோ கசியும் இடம் துல்லியமாகத் தெரிந்துவிடும். அதாவது உண்மையைக் கண்டறிவது கடினமான காரியமல்ல. ஆனால் அந்தச் சோதனையைச் செய்வது யார்? பணம் கொடுக்க வேண்டிய தரப்பே செய்கிறது. ஓட்டுநர் வரவேற்பறையில் உட்கார வைக்கப்படுகிறார். வாயால் தீர்ப்பு வருகிறது.

கம்ப்ரசர் பழுதாகும்போது நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலும் கதை சிறிய கசிவில் தொடங்குகிறது. குளிர்ச்சி குறைகிறது என்று ஓட்டுநர் வண்டியை விடுகிறார். கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்பி அனுப்புகிறார்கள். கேஸ் நுகர்பொருள் என்பதால் அதற்கு வாரண்டி கிடையாது, பணம் கட்ட வேண்டும். கசிவு நிற்கவில்லை, கேஸோடு எண்ணெயும் குறைகிறது, சில மாதங்களில் எண்ணெயற்ற கம்ப்ரசர் இறுகி நின்றுவிடுகிறது. இப்போது சர்வீஸ் மையம் சொல்வது: கேஸ் குறைந்த நிலையிலும் தொடர்ந்து ஓட்டியிருக்கிறீர்கள், இது முறையற்ற பயன்பாடு, வாரண்டி இல்லை. முதல் முறையே சரியாகச் சோதிக்காதவரின் குற்றம், நம்பி ஓட்டியவரின் குற்றமாக மாறிவிடுகிறது. இதற்கிடையே காற்றில் கலந்த அந்த கேஸ், கரியமில வாயுவைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடேற்றக்கூடியது. சுற்றுச்சூழல் அறிக்கைகளைப் பளபளப்பான தாளில் அச்சிடும் நிறுவனங்கள் இந்தக் கணக்கை எங்கும் எழுதுவதில்லை.

ஓட்டுநர் சொல்வதெல்லாம் உண்மை என்று நாம் வாதிடவில்லை. கல் படுவதும் உண்டு, எலி ஒயரைக் கடிப்பதும் உண்டு, கவனக்குறைவும் உண்டு. ஆனால் இந்தியச் சாலைகளில் கல் தெறிக்கும் என்பது கார் வடிவமைப்பாளருக்குத் தெரியாத இரகசியமா? குழாயின் தடிமனைக் குறைப்பதும், முன்னால் ஒரு தடுப்பு வலை வைக்காமல் விடுவதும் செலவைக் குறைக்கும் முடிவுகள். சேமிப்பு நிறுவனத்திற்கு, அதன் விளைவு ஓட்டுநருக்கு என்பதை எப்படி ஏற்பது?

வாரண்டியின் கால அளவிலும் ஒரு சூது இருக்கிறது. மூன்றாண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது என்ற வாசகத்தை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்திற்கு அது மூன்றாண்டு உத்தரவாதம். நாளொன்றுக்கு 250 கிலோமீட்டர் ஓட்டினால்தான் கடன் தவணை கட்ட முடியும் என்ற நிலையில் உள்ள ஓட்டுநருக்கு அது 400 நாள். ஒரே தாள், ஒரே விலை, ஒரே கையெழுத்து. உழைப்பவருக்குக் கிடைப்பது பாதிக்கும் குறைவு.

விலையிலேயே வாங்கப்பட்ட பணம்

வாரண்டி என்பது நிறுவனத்தின் தாராள மனம் என்ற எண்ணம் மக்களிடம் பரவலாக இருக்கிறது. ‘இலவசமாக’ மாற்றித் தந்தார்கள் என்று சொல்கிறோம். இந்தச் சொல்லைத்தான் முதலில் தகர்க்க வேண்டும்.

எந்தக் கார் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்துப் பார்த்தாலும் வாரண்டிக்கான ஒதுக்கீடு என்று ஒரு தலைப்பு இருக்கும். விற்ற வண்டிகளில் எத்தனை பழுதாகும், அவற்றைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்பதைக் கடந்த கால அனுபவத்திலிருந்து மதிப்பிட்டு, விற்பனை நடக்கும்போதே அந்தத் தொகையைச் செலவாக எழுதி ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது இந்தியக் கணக்கியல் தரநிலை 37இன் விதி. செலவாக எழுதப்படும் எதுவும் விலைக்குள் அடங்கியே வருகிறது. ஆக, கண்டென்சர் பழுதுக்கான பணத்தைக் கார் வாங்கிய நாளிலேயே, அதுவும் வங்கிக் கடனாக வாங்கி, வட்டியோடு ஓட்டுநர் செலுத்திவிட்டார். அதே தரநிலை, ஒதுக்கிய தொகை தேவைப்படாது என்றானால் அதைத் திரும்ப வரவாக எழுதிக்கொள்ளவும் சொல்கிறது. ‘தேவைப்படாமல்’ போவதற்கு இரண்டு வழிகள் உண்டு. வண்டி பழுதாகாமல் இருப்பது ஒன்று. பழுதானதை வாரண்டியில் வராது என்று மறுப்பது மற்றொன்று. இரண்டாவது வழியில் ஓட்டுநர் இரண்டு முறை பணம் கட்டுகிறார். விலைக்குள் ஒரு முறை, சர்வீஸ் மையத்தில் ஒரு முறை. இரண்டாவது முறை கட்டுவதில் உதிரிபாகத்தின் இலாபமும் சேர்ந்திருக்கிறது.

சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் சமமானவர்களாக, சுதந்திரமாக ஒப்பந்தம் செய்பவர்களாகத் தோன்றுகின்றனர் என்பதையும், அந்தத் தோற்றத்திற்குப் பின்னால் இருக்கும் உறவு வேறு என்பதையும் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் பாகத்திலேயே விளக்கினார். வாரண்டிப் புத்தகத்தின் பொடி எழுத்துகளைப் போல் இதற்குப் பொருத்தமான சான்று வேறில்லை. ஒரு தரப்பு எழுதியது. மறு தரப்பு படிக்கக்கூட அவகாசமின்றிக் கையெழுத்திட்டது. சச்சரவு வந்தால் எழுதிய தரப்பே நீதிபதி.

2014ஆம் ஆண்டின் உத்தரவு என்னவாயிற்று?

இந்த ஏகபோகம் நம் கற்பனை என்று எவரும் சொல்ல முடியாது. 2011இல் தொடங்கிய ஒரு வழக்கில், 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் குற்றமிழைத்ததாகத் தீர்ப்பளித்தது. உதிரிபாகங்களையும், பழுதறியும் கருவிகளையும், தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல், தம் அங்கீகாரம் பெற்ற மையங்களுக்குள்ளேயே நிறுவனங்கள் பூட்டி வைத்திருக்கின்றன. கார் வாங்கியவர் வேறு எங்கும் செல்ல வழியற்ற நிலையில் தம் விருப்பப்படி விலை வைக்கின்றன என்று ஆணையம் கண்டது. மூன்றாண்டு சராசரி விற்றுமுதலில் 2 சதவீதம் என்ற கணக்கில் மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

அபராதத்தைவிட முக்கியமானது அந்த உத்தரவின் மற்றொரு பகுதி. வெளியில் உள்ள மெக்கானிக்கிடம் வேலை செய்தால் வாரண்டி முழுவதும் ரத்து என்ற ஒட்டுமொத்த நிபந்தனையை விதிக்கக் கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதம் ஏற்பட்டதோ அந்த அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்று ஆணையம் தெளிவாகச் சொன்னது. இதன் பொருள் என்ன? காஷ்மீரி கேட் சந்தையில் பாட்டரி மாற்றியதற்காக ஏசியின் வாரண்டியை மறுக்க முடியாது. வெளியில் சிஎன்ஜி பொருத்தியதற்கும் கண்டென்சர் கசிவுக்கும் தொடர்பு உண்டு என்று நிறுவனம் காட்டினால் ஒழிய மறுக்க முடியாது.

பத்தாண்டு கடந்துவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டிற்கும் தடையாணைக்கும் விரைந்தன. 2016 டிசம்பரில் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தன் முன் வந்த மூன்று நிறுவனங்களின் குற்றத்தை உறுதி செய்தது. ஆனால் அபராதத்தைக் கணக்கிடும் அடிப்படையைச் சுருக்கிவிட்டது. பிற வழக்குகள் உயர்நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. இதற்கிடையே சர்வீஸ் மையங்களில் ‘வெளியில் கை வைத்தால் வாரண்டி போய்விடும்’ என்ற மிரட்டல் எந்தக் கூச்சமும் இன்றித் தொடர்கிறது. ஆயிரம் ரூபாய் தவணை தவறினால் நடுச்சாலையில் வண்டியைப் பறிக்கும் அமைப்பு, கோடிகளில் விதித்த அபராதத்தை வசூலிக்கப் பத்தாண்டாகத் தடுமாறுகிறது. அரசு யாருடையது என்பதற்கு வகுப்பு எடுக்க வேண்டிய தேவையில்லை.

சட்டத்தில் உள்ள கதவும், அதிலிட்ட பூட்டும்

2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று அரசு பறைசாற்றியது. அந்தச் சட்டத்தில் பயன்படுத்த வேண்டிய இடங்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. வாடகைக் கார் ஓட்டுநர் வழக்குத் தொடுத்தால் நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எழுப்பும் ஆட்சேபம், ‘இது வணிக நோக்கத்திற்காக வாங்கிய வண்டி, எனவே இவர் நுகர்வோரே அல்ல’ என்பதாகும். ஆனால் சுயதொழில் மூலம் தன் வாழ்வாதாரத்தை ஈட்டுவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கம் கூறுகிறது. சொந்தமாக ஓட்டிப் பிழைப்பதற்காக ஆட்டோவோ லாரியோ வாங்கியவர் நுகர்வோரே என்று 1995லேயே உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. தான் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் தொடுக்கலாம். இரண்டாண்டுக்குள் தொடுக்க வேண்டும். பிரச்சனை ஒன்றே என்றால் பலர் சேர்ந்து ஒரே புகாராகவும் கொண்டுசெல்லலாம். நம் சங்க ஊழியர் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் கதவைத் திறந்த சட்டம் உள்ளே பூட்டும் போட்டிருக்கிறது. பொருளின் குறைபாட்டால் விளையும் தீங்கிற்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் புதிய அத்தியாயத்தை அரசு பெருமையாகப் பேசியது. அந்தத் ‘தீங்கு’ எது என்பதை 2(22) பிரிவில் பாருங்கள். பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அதில் சேராது. வாரண்டி நிபந்தனை மீறலால் சொத்துக்கு நேர்ந்த சேதம் சேராது. வணிக இழப்போ பொருளாதார இழப்போ சேராது. ஓட்டுநருக்கு நேர்வது அனைத்தும் இந்த ‘சேராது’ பட்டியலுக்குள் அடக்கம். பழைய வழியில், குறைபாடுள்ள பொருள், குறைபாடுள்ள சேவை என்று புகார் தொடுத்துத்தான் அவர் இழப்பீடு கேட்க வேண்டும். அங்கே உற்பத்திக் குறைபாடு என்பதை நிரூபிக்கும் சுமை அவர் மீது விழுகிறது. நிபுணர் அறிக்கை எங்கே என்று கேட்கிறார்கள். கழற்றிய கண்டென்சரோ நிறுவனத்தின் குடோனில் இருக்கிறது.

ஆய்வகச் சோதனை தேவைப்படாத புகார்களை மூன்று மாதத்திலும், தேவைப்படுபவற்றை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆணையங்களில் தலைவர், உறுப்பினர் பதவிகளை நிரப்பாமல் அரசுகள் காலம் கடத்தியதால் 2021இல் உச்சநீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்க நேர்ந்தது. வாதாட ஆளிருந்தும் கேட்க ஆளில்லாத மன்றத்தில் ஐந்து மாதம் எப்படி முடியும்?

நிறுவனங்களின் இன்னொரு தந்திரத்தையும் அம்பலப்படுத்த வேண்டும். டீலர் எங்கள் முகவர் அல்லர், எங்களிடம் வாங்கி விற்கும் தனி வணிகர், அவர் செய்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று மன்றங்களில் வாதிடுகிறார்கள். 2021இல் ஒரு வழக்கில் உச்சநீதிமன்றமும் இந்த அடிப்படையில் உற்பத்தியாளரை விடுவித்தது. ஆனால் சுவரின் வண்ணம் முதல் உதிரிபாகத்தின் விலை வரை டீலருக்குக் கட்டளையிடுவது யார்? இலாபம் வரும்போது டீலர் நிறுவனத்தின் கை; பொறுப்பு வரும்போது அந்நியர்.

‘பழுது நீக்கும் உரிமை’ எனும் அலங்காரம்

2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் நலத்துறை, பழுது நீக்கும் உரிமைக்கான கட்டமைப்பை உருவாக்க ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய நுகர்வோர் தினத்தன்று ஓர் இணையதளம் தொடங்கப்பட்டது. நிறுவனங்கள் தம் கையேடுகளையும் சேவை விவரங்களையும் அதில் தாமாக முன்வந்து வெளியிடுமாம். கட்டாயமில்லை, மீறினால் தண்டனையில்லை. 2014இல் ஒரு சட்டபூர்வ ஆணையம் கட்டளையாக இட்டதை, எட்டாண்டு கழித்து அரசு வேண்டுகோளாக மாற்றித் தந்திருக்கிறது. தொழிலாளர் உரிமைகளை நான்கு சட்டத் தொகுப்புகளாகச் சுருக்குவதில் காட்டிய வேகத்தில் நூறில் ஒரு பங்கு கூட, பழுது நீக்கும் உரிமையைச் சட்டமாக்குவதில் மோடி அரசு காட்டவில்லை.

எதிரியைத் தவறாக அடையாளம் காணாதீர்

கோபம் வெடிக்கும்போது அது முதலில் பாய்வது மேசைக்கு எதிரில் நிற்கும் சர்வீஸ் அட்வைசர் மீது. இங்கே நம் தோழர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வாரண்டியில் மாற்றித் தந்த பாகத்திற்கான தொகையை டீலர் நிறுவனத்திடம் கோர வேண்டும். நிறுவனம் அதை ஆய்வு செய்து நிராகரித்தால் நட்டம் டீலருடையது. அந்த அச்சம் மேலிருந்து கீழாக இறங்கி, மாத இலக்கின் நெருக்கடியில் இருக்கும் இளைஞனின் வாயிலிருந்து ‘கல் பட்டது’ என்று வெளிவருகிறது. உள்ளே ஸ்பானருடன் நிற்பவர் ஐடிஐ முடித்த ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பார். அந்தக் கண்டென்சரை உருவாக்கிய மனேசரிலும் சாக்கனிலும் ஒரகடத்திலும் உள்ள உதிரிபாகத் தொழிற்சாலைகளில், நிரந்தர வேலையற்ற தொழிலாளர்கள் நொடிக்கணக்கில் விரட்டப்படுகிறார்கள். வேகத்தைக் கூட்டி ஆளைக் குறைத்தால் பற்றவைப்பில் குறை வரும் என்பதை எந்தத் தொழிலாளியும் அறிவார். அங்கே பிழியப்பட்ட உழைப்பே இங்கே கசிவாக வந்து நிற்கிறது.

சாலையோர மெக்கானிக்கும் இதே சங்கிலியின் மறுமுனையில் இருக்கிறார். அவருக்குத் திறமை குறைவு என்று நிறுவனங்கள் பரப்புரை செய்கின்றன. கையேட்டையும் கருவியையும் அசல் உதிரிபாகத்தையும் மறுத்துவிட்டு, திறமையில்லை என்று பழிப்பது எந்த ஊர் நியாயம்? ஓட்டுநர், மெக்கானிக், சர்வீஸ் மையத் தொழிலாளி, உதிரிபாகத் தொழிலாளி ஆகிய நால்வரையும் ஒருவர் மீது ஒருவர் ஏவிவிட்டுத்தான் இந்த வணிகம் நடக்கிறது. நால்வரையும் ஒரே கோரிக்கையின் கீழ் நிறுத்துவது நம் பணி.

கோரிக்கைகளும் கடமைகளும்

வாரண்டி காலத்தில் ஏற்படும் எந்தப் பழுதும் உற்பத்திக் குறைபாடு என்றே கருதப்பட வேண்டும். இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். மறுப்பு வாய்மொழியாக இருக்கக் கூடாது. சோதனை முறை, புகைப்படம், காரணம் ஆகியவற்றுடன் எழுத்தில் தரப்பட வேண்டும். கழற்றிய பாகம் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அரசுப் பாலிடெக்னிக்குகளையும் பொறியியல் கல்லூரிகளையும் கொண்டு மாவட்டந்தோறும் சுயேச்சையான ஆய்வு மையம் அமைத்து, ஏழு நாளில் அறிக்கை தர வேண்டும். செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். வாழ்வாதார வாகனம் சர்வீஸ் மையத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் மாற்று வண்டியோ நாள் வருமான இழப்பீடோ வேண்டும். 2(22) பிரிவிலிருந்து வாழ்வாதார இழப்புக்கான விலக்கு நீக்கப்பட வேண்டும். போட்டி ஆணையத்தின் 2014 கட்டளைகள் நாடாளுமன்றத்தில் சட்டமாக்கப்பட வேண்டும். ஏசி பழுதான நாட்களில் ஓட்டுநரின் மதிப்பெண்ணைக் குறைக்கவோ கணக்கை முடக்கவோ செயலி நிறுவனங்களுக்குத் தடை விதிக்க வேண்டும்.

இவை தாமாக வரப்போவதில்லை. இன்றே செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. ஓட்டுநர் சங்கங்கள் உள்ள ஒவ்வொரு நகரத்திலும் உதவி மையம் தொடங்க வேண்டும். வண்டியை விடும்போதே புகாரை ஜாப் கார்டில் எழுத வைப்பது, ஒவ்வொரு முறை கேஸ் நிரப்பிய ரசீதையும் பாதுகாப்பது, கசிவைச் சோதிக்கும்போது உடன் நின்று படம் எடுப்பது, மறுப்பை மின்னஞ்சலிலாவது எழுத்தில் கேட்டுப் பெறுவது, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வது ஆகியவற்றை உறுப்பினர்களுக்குப் பழக்க வேண்டும். இருபது ஓட்டுநர்களின் ஜாப் கார்டுகளை ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். ஒரே மாடல், ஒரே பாகம், ஏறக்குறைய ஒரே கிலோமீட்டர் என்று தெரியவந்தால், இருபது கற்கள் ஒரே இடத்தில் பட்டன என்ற கதையை எந்த மன்றத்திலும் சொல்ல முடியாது. தனியாக நிற்கும்போது அது ஓட்டுநரின் கவனக்குறைவு. ஒன்றாக அடுக்கும்போது அது நிறுவனத்தின் குற்றத்திற்குச் சாட்சியம்.

ஏசியில் என்ன வர்க்கப் போராட்டம் என்று கேட்கும் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். பஞ்சாலையில் நூல் அறுந்ததற்குத் தொழிலாளியின் கூலியில் பிடித்தம் செய்தபோது, அது நூலைப் பற்றிய தகராறு என்று நம் முன்னோடிகள் ஒதுங்கவில்லை. பழுதின் செலவை யார் சுமப்பது என்பது அன்றும் இன்றும் வர்க்கங்களுக்கு இடையிலான கேள்வி. அடுத்த கோடைக்குள் ஒவ்வொரு ஓட்டுநர் சங்கக் கிளையும் தன் பகுதியின் ஜாப் கார்டுகளைத் திரட்டத் தொடங்கட்டும்.